கடனைப் படித்தல்: நுண்கடன் பட்டமும் நம் பிள்ளைகளின் பாதையும்

(டிசம்பர் 6, அண்ணல் அம்பேத்கர் நினைவுநாள் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டுதோறும் இந்த நாளில் அண்ணலை அரசியல் சட்டம் எழுதியவராகவும், சாதியை ஒழிக்க எழுந்தவராகவும், பௌத்தம் ஏற்றவராகவும் நினைவுகூர்கிறோம். அவர் முதலில் படித்தது பணத்தைப் பற்றி என்பதை மட்டும் எளிதில் மறந்துவிடுகிறோம். இந்த ஆண்டு அங்கிருந்து தொடங்க விரும்புகிறோம். காரணம் நம் காலனிகளில் இருக்கிறது.

கடந்த இருபது ஆண்டுகளில் நம் தெருக்களிலிருந்து முதுகலைப் பட்டம் பெற்றவர்கள் பெருகியிருக்கிறார்கள். சமூகப் பணி, சமூகவியல், ஊரக வளர்ச்சி, வணிக மேலாண்மை என்று பல படிப்புகள். அவற்றில் பலவற்றில் இன்று நுண்கடன் ஒரு தாளாக இருக்கிறது. சில இடங்களில் அதுவே தனிப் பட்டயமாகவும் சிறப்புப் பாடமாகவும் இருக்கிறது. படித்து முடித்த பிள்ளைக்கு அரசு வேலை கிடைப்பதற்கு முன்பே கையில் கிடைப்பது ஒரு மைக்ரோ பைனான்ஸ் கம்பெனியின் வேலை ஆணை. டூவீலர், டேப்லெட், தோளில் பணப்பை. காலை ஏழு மணிக்கு மகளிர் கூட்டம். அந்தக் கூட்டத்தில் பாயில் உட்கார்ந்திருப்பவர்கள் யார்? நம் அம்மாக்கள், அத்தைகள், அண்ணிகள்.

பல தலைமுறையாக மற்றவர்கள் எழுதிய கணக்கில் ஏறிய பெயர்கள் நம்முடையவை. இன்று அந்தக் கணக்கை எழுதும் கையும் நம்முடையதாக மாறிவருகிறது. இது முன்னேற்றமா, அல்லது அதே கணக்கு வேறு கையெழுத்தில் எழுதப்படுகிறதா? இந்தக் கேள்விக்கு வரலாற்றில்தான் பதில் தேட வேண்டும்.

கடன் என்னும் சங்கிலி

தமிழ்நாட்டுச் சேரியின் வரலாற்றைக் கடனை விட்டுவிட்டு எழுத முடியாது. படியாள், பண்ணையாள் என்ற சொற்களுக்கு அடியில் இருந்தது ஒரு முன்பணம். கல்யாணத்துக்கோ சாவுக்கோ மிராசுதாரிடம் வாங்கிய சிறு தொகை. அதற்கு ஈடாக எழுதிக்கொடுக்க நிலம் கிடையாது, உழைப்பே ஈடு. கூலியில் கழித்தும் கழியாத அந்தக் கடன் தகப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கியது. இந்தக் கடனுக்கு அடைக்கும் தேதி இல்லை. ஆளைப் பிடித்துவைப்பதுதான் அதன் வேலை. பணம் திரும்பி வந்துவிட்டால் பண்ணைக்குத்தான் நட்டம். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்த பிறகும் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் முன்பணம் என்ற பெயரில் அது தொடர்ந்ததை இயக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் பறையர்களின் நிலை குறித்து எழுதிய அறிக்கை நம் வரலாற்றின் முக்கிய ஆவணம். குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாமல், எந்நேரமும் வெளியேற்றப்படலாம் என்ற அச்சத்தில் வாழ்ந்தவர்களை அது அரசின் முன் நிறுத்தியது. அதைத் தொடர்ந்து 1892 முதல் தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. அவற்றைத்தான் பஞ்சமி நிலம் என்கிறோம். சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் முன்வைக்கும் கணக்கு. முதல் பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் தாழ்த்தப்பட்டோருக்கே விற்க வேண்டும் என்று நிபந்தனை இருந்தது. அப்படியிருந்தும் நிலம் எப்படிப் போனது? மிரட்டிப் பிடுங்கியது ஒரு பங்கு என்றால், கடனுக்கு எழுதி வாங்கியது இன்னொரு பங்கு. விதை வாங்கவும் மாடு வாங்கவும் யாரும் பணம் தராத இடத்தில், நிலத்தை மட்டும் கொடுத்தால் அது அடுத்த பஞ்சத்தில் அடகுக்குப் போய்விடும். காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்க எழுந்த போராட்டத்தையொட்டி 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அதில் உயிரிழந்த ஜான் தாமஸ், ஏழுமலை ஆகியோரின் பெயர்களோடு இந்தக் கடன் வரலாறும் சேர்ந்தே இருக்கிறது.

இன்னொரு செய்தியையும் இங்கே சேர்க்க வேண்டும். 1920ஆம் ஆண்டையொட்டிச் சென்னை மாகாணத்தில் தொழிலாளர் துறை அமைக்கப்பட்டபோது, நம் மக்களுக்கு வீட்டுமனை வாங்கித் தரும் வேலை அதற்கு ஒப்படைக்கப்பட்டது. மனையின் விலையை மக்களே கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகத் தவணையில் செலுத்த வேண்டும் என்பது ஏற்பாடு. தலைமுறைகளாகக் குடியிருந்த மண்ணுக்கே தவணை. மிராசுதாரின் பிடியிலிருந்து விடுபட அது உதவியது என்பது உண்மைதான். அதே நேரத்தில், உரிமையாகத் தர வேண்டியதைக் கடனாகத் தரும் வழக்கமும் அங்கேயே தொடங்கிவிட்டது.

யார் படித்தார்கள், எதைக் கேட்டார்கள்

ஏழைகளின் கடனைப் படிப்பது ஒரு தொழிலாக நம் மாகாணத்தில் உருவானதற்குத் தெளிவான தொடக்கம் உண்டு. பிரடெரிக் நிக்கல்சன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியை 1892இல் சென்னை அரசு இந்த வேலையில் அமர்த்தியது. ஐரோப்பாவின் வேளாண் வங்கிகளை ஆராய்ந்து 1895இலும் 1897இலும் இரண்டு பாகங்களாக அவர் அறிக்கை தந்தார். ஜெர்மனியில் ரைஃபைசன் கிராமத்தாரைக் கூட்டாகப் பொறுப்பேற்கவைத்துக் கட்டிய கடன் சங்கங்கள்தாம் அவரைக் கவர்ந்தன. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் அதே ஆண்டில் ஒரு வேளாண் கடன் சங்கம் தொடங்கியது. இன்று நுண்கடன் பாடத்தில் வரும் குழுப் பொறுப்பு என்ற கருத்துக்கு இவ்வளவு பழைய வேர் இருக்கிறது.

ஆனால் நிக்கல்சனின் முன்னிருந்த கேள்வி நிலமுள்ள ரயத்தின் கடன் பற்றியது. அந்த ரயத்தின் வயலில் உழைத்த படியாளின் கடன் அந்தக் கேள்விக்கு வெளியே நின்றது. கேள்வியில் இல்லாதவர் திட்டத்திலும் இல்லாமல் போனார். கூட்டுறவுச் சங்கம் நிலத்தைப் பார்த்துக் கடன் கொடுத்தது. நிலம் இல்லாதவருக்கு அதன் வாசல் உயரமாகவே இருந்தது. நிலம் உள்ளவர்களிடம்கூட அது பெரிதாகப் போய்ச் சேரவில்லை. 1951-52இல் எடுக்கப்பட்ட அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வு, விவசாயிகள் வாங்கிய கடனில் கூட்டுறவின் பங்கு 3.1 சதவீதம்தான் என்று காட்டியது. வட்டிக்காரர்களின் பங்கு ஏறத்தாழ 70 சதவீதம். அரை நூற்றாண்டுக் கூட்டுறவுக்குப் பிறகு கிடைத்த கணக்கு இது.

இந்தப் பின்னணியில் அண்ணலின் படிப்பைப் பாருங்கள். 1913 முதல் 1916 வரை கொலம்பியா பல்கலைக்கழகம். அந்த உதவித்தொகையே, திரும்பி வந்து பரோடா சமஸ்தானத்தில் 10 ஆண்டுகள் வேலை செய்ய வேண்டும் என்ற ஒப்பந்தத்தோடுதான் வந்தது. படிக்கப் போன நாளிலேயே அவர் தோளில் ஒரு கடன் ஏறிவிட்டது. லண்டனில் தொடங்கிய படிப்பைப் பாதியில் விட்டு 1917இல் திரும்பினார். பரோடாவில் வேலை இருந்தும் தங்குவதற்கு இடம் தர ஆளில்லை. பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்து பணம் சேர்த்துக்கொண்டு, மீண்டும் 1920இல் லண்டன் போனார். 1923இல் ரூபாயின் பிரச்சினை பற்றிய ஆய்வுக்கு டி.எஸ்சி. பட்டம் பெற்றார்.

அவர் கேட்ட கேள்விகளைக் கவனியுங்கள். 1918இல் சிறு நிலங்களைப் பற்றி எழுதியபோது, துண்டு துண்டாக நிலம் கிடப்பதுதான் நோய் என்று மற்றவர்கள் சொன்னார்கள். அவர் நிலத்தின் அளவை விட்டுவிட்டு, அதில் போடுவதற்கு மூலதனம் இருக்கிறதா, அதை நம்பி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டார். 1925இல் இந்திய நாணயம் குறித்த ராயல் கமிஷன் முன் சாட்சியம் அளித்தபோது, ரூபாயின் மதிப்பை வியாபாரிக்கு எது நல்லது என்பதோடு நிறுத்தவில்லை. விலை ஏறினால் கூலிக்காரருக்கு என்ன ஆகும் என்று பிரித்துக் காட்டினார். நாணய மாற்று விகிதம் என்ற வறண்ட பாடத்துக்குள்ளே அன்றாடக் கூலியைக் கொண்டுவந்து வைத்தார். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு எந்தப் பெரிய பதவிக்கும் அவர் போயிருக்கலாம். 1937இல் பம்பாய் சட்டமன்றத்தில் கொங்கணத்து உழவர்களை வாட்டிய கோத்தி முறையை ஒழிக்க மசோதா கொண்டுவந்த கையும் அதே பொருளாதாரம் படித்த கைதான்.

நிக்கல்சனும் அண்ணலும் படித்தது ஏறக்குறைய ஒரே பொருள்: பணம், கடன், நிலம். வேறுபாடு, யாரை மனத்தில் வைத்துக் கேள்வி கேட்டார்கள் என்பதில் இருக்கிறது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொருவரின் தொழிலையும் இந்த அளவுகோலால் அளக்கலாம்.

வங்கிக் கதவுக்கு வெளியே தொடங்கியவை

1969 ஜூலையில் 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமையாயின. 1975இல் மண்டல ஊரக வங்கிகள் வந்தன. கிளைகள் கிராமத்துக்கு வந்தாலும், ஈடும் ஜாமீனும் கேட்ட வங்கியின் வாசலில் கூலிப் பெண்ணுக்கு இடமில்லை. அந்த வெளியில்தான் புது முயற்சிகள் முளைத்தன. அகமதாபாத்தில் சட்டம் படித்துத் தொழிற்சங்கத்தில் வேலை பார்த்த இலா பட், 1974இல் சேவா வங்கியைத் தொடங்கினார். 4,000 பெண்கள் ஆளுக்கு 10 ரூபாய் பங்கு போட்டார்கள். பழைய துணி வியாபாரிகளும் தலைச்சுமைக்காரர்களும் அந்த வங்கியின் உரிமையாளர்கள் ஆனார்கள். சென்னையில் ஜெயா அருணாசலம் 1978இல் உழைக்கும் பெண்கள் அமைப்பைத் தொடங்கினார். அங்கே தெருவோர வியாபாரிகளும் மீன்காரப் பெண்களும் ஒன்றுசேர்ந்தார்கள்.

வங்கதேசத்தின் முகமது யூனுஸ் அமெரிக்காவின் வேண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் பெற்று, சிட்டகாங் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். 1974 பஞ்சத்தின்போது வகுப்பறையில் சொல்லிக்கொடுக்கும் கோட்பாடு அவருக்குச் சலித்தது. 1976இல் பக்கத்து ஊரான ஜோப்ராவில் 42 பேருக்கு 27 டாலருக்குச் சமமான தொகையைக் கடனாகத் தந்தார். ஐந்து பேர் குழு, வாரக் கூட்டம், சிறு தவணை என்ற அமைப்பு 1983இல் கிராமீன் வங்கியானது. 2006இல் அவருக்கும் வங்கிக்கும் நோபல் அமைதிப் பரிசு வந்தது. நுண்கடன் ஒரு பாடமாக உலகப் பல்கலைக்கழகங்களுக்குள் நுழைந்தது இந்த வழியாகத்தான்.

தமிழ்நாட்டில் வேறொரு பாதை உருவானது. மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983இல் அமைக்கப்பட்டது. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989இல் தருமபுரியில் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கப்பட்டன. 1992இல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தை அறிவித்தது. பிறகு மகளிர் திட்டம் மாநிலம் முழுவதும் பரவியது.

சுயஉதவிக் குழுவுக்கும் கம்பெனியின் கூட்டுப்பொறுப்புக் குழுவுக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். சுயஉதவிக் குழுவில் 10 முதல் 20 பெண்கள் முதலில் தங்கள் பணத்தைச் சேமிக்கிறார்கள். அந்தச் சேமிப்பிலிருந்து உள்கடன். பிறகு குழுவின் பெயரில் வங்கிக் கடன். பேரேடு குழுவிடமே இருக்கிறது. யாருக்கு முதலில், எவ்வளவு வட்டி என்பதை அவர்களே பேசி முடிவு செய்கிறார்கள். உள்கடனில் வரும் வட்டியும் குழுவுக்கே திரும்புகிறது. கம்பெனியின் குழுவில் பேரேடு கம்பெனியிடம். பெண்கள் ஒருவருக்கொருவர் ஜாமீன் மட்டுமே. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் தலையில்.

சுயஉதவிக் குழுக்கள் வந்த காலத்தில் நம் தெருக்களில் ஒரு புதுப் பதவி வந்தது: ஊக்குநர். பத்தாவதோ பன்னிரண்டாவதோ படித்த பெண் தீர்மானப் புத்தகம் எழுதினாள். வங்கிக்குப் போய் மேலாளர் முன் நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த நாற்காலியின் மதிப்பை ஊர்த் தெருவில் செருப்புப் போட்டு நடக்க விடாத கிராமங்களில் வாழ்ந்தவர்கள் அறிவார்கள். ஊராட்சித் தேர்தலில் நிற்கும் துணிச்சல் பலருக்கு அங்கிருந்து வந்தது. குழுக்களின் எல்லாக் குறைகளையும் மீறி இதை நாம் பதிவு செய்தாக வேண்டும்.

பட்டம் பதவியான காலம்

1979இல் குஜராத்தின் ஆனந்தில் ஊரக மேலாண்மை நிறுவனம் தொடங்கியபோது, கிராமத்துக்குப் போவதும் ஒரு முதுகலைப் படிப்பின் தொழிலாகலாம் என்ற எண்ணம் நாட்டில் வலுப்பெற்றது. ஐ.ஐ.டி.யிலும் ஐ.ஐ.எம்.மிலும் படித்த விஜய் மகாஜன் 1980களில் பிரதான் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1996இல் பேசிக்ஸ் தொடங்கினார். டாக்கா பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படித்த சந்திரசேகர் கோஷ் 2001இல் தொடங்கிய பந்தன், 2015இல் முழு வங்கியாயிற்று. சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற விக்ரம் அகுலாவின் எஸ்.கே.எஸ். நிறுவனம் 2010இல் பங்குச் சந்தைக்குப் போனது. 2015இல் சிறுநிதி வங்கிகளுக்காக ரிசர்வ் வங்கி தேர்ந்தெடுத்த 10 பேரில் 8 பேர் நுண்கடன் நிறுவனங்களாக இருந்தவர்கள்.

இவர்கள் எல்லோருடைய வாழ்க்கையையும் ஒரு முதுகலைப் படிப்பு திருப்பிவிட்டது. அதே 2010இல் என்ன நடந்தது என்பதும் பாடத்தில் இருக்க வேண்டும். ஒரே பெண் பல நிறுவனங்களிடம் கடன் வாங்கி, ஒன்றை வாங்கி ஒன்றைக் கட்டும் நிலை ஆந்திரத்தில் முற்றியது. வசூல் நெருக்கடியால் தற்கொலைகள் என்ற செய்திகள் வந்தன. 2010 அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. ரிசர்வ் வங்கி அமைத்த மாலேகாம் குழு 2011 ஜனவரியில் அறிக்கை தந்தது. வட்டிக்கும் லாபத்துக்கும் வரம்பு வைக்கப்பட்டது. 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த புது விதிகளில் அந்த வட்டி வரம்பு நீங்கிவிட்டது.

இந்தத் தொழிலின் ஏணியில் நம் பிள்ளைகள் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். மூலதனம் மேலே, மேலாண்மைப் பட்டம் பெற்றவர்கள் தலைமையகத்தில், கிளை மேலாளர் நடுவில், ஃபீல்டு ஆபீசர் கீழே. கீழ்ப்படியில் நிற்பவர் பெரும்பாலும் முதல் தலைமுறைப் பட்டதாரி. அவருக்கு மாத இலக்கு உண்டு. வசூல் பாக்கி விழுந்தால் ஊக்கத்தொகை போகும். சில நேரம் தன் கைப்பணத்தைப் போட்டுக் கணக்கை முடித்துவிட்டு இரவில் வீடு திரும்புவார். வசூலிக்கப்படும் பெண்ணும் வசூலிக்கும் பிள்ளையும் ஒரே அழுத்தத்தின் இரு முனைகள். அந்தப் பிள்ளையை எதிரியாகப் பார்க்கும் அரசியலால் நமக்கு எந்தப் பயனும் இல்லை.

பாடத்திட்டத்தில் இல்லாத பாடம்

நுண்கடன் பாடத்தில் குழுப் பொறுப்பைச் சமூக மூலதனம் என்று கற்பிக்கிறார்கள். சேரியில் அந்த மூலதனத்துக்குப் பெயர் மானம். பங்களாதேஷ் பெண்களிடையே ஆய்வு செய்த மானுடவியலாளர் லாமியா கரீம், வெட்கத்தையே ஈடாக வைத்துக் கடன் எப்படி வசூலாகிறது என்பதை 2011இல் வெளிவந்த தன் நூலில் காட்டினார். நம் ஊரில் அதோடு சாதியும் சேர்கிறது. குடியிருப்பே சாதியால் பிரிந்திருப்பதால் குழுவும் சாதிக்குள்ளேயே அமைகிறது. ஒருத்தி தவணை தவறினால் கேட்க வருபவர்கள் எல்லோரும் சொந்தக்காரர்கள். கடன் ஒன்று, உறவு ஐந்து அறுந்துபோகிறது.

கறவை மாட்டுக் கடனை எடுத்துக்கொள்வோம். பாடநூலில் அது வருமானம் ஈட்டும் சொத்து. மேய்ச்சல் நிலம் யாருடையது? சேரியில் கறந்த பாலை டீக்கடை வாங்குமா? வரப்பில் புல்லறுக்க விடுவார்களா? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை சொல்லாத திட்ட அறிக்கை காகிதத்தில் மட்டும்தான் லாபம் காட்டும். சிறு கடை வைத்தாலும் ஊர்க்காரர் வந்து வாங்காத கடையின் வியாபாரம் தெருவோடு நின்றுவிடும். கடன் கொடுத்தால் தொழில் வளரும் என்ற வாய்பாட்டைச் சந்தைக்குள் இருக்கும் தீண்டாமை உடைத்துவிடுகிறது.

பெரிய ஆய்வுகளும் எச்சரிக்கின்றன. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோர் குழுவினர் ஐதராபாத்தின் 104 குடியிருப்புகளில் செய்து 2015இல் வெளியிட்ட ஆய்வு, ஏற்கெனவே தொழில் செய்தவர்களின் முதலீடு கூடியதைக் காட்டியது. கல்வி, உடல்நலம், பெண்களின் அதிகாரம் ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க மாற்றத்தை அது காணவில்லை. தமிழ்நாட்டுச் சுயஉதவிக் குழுக்களை ஆராய்ந்த க. கல்பனாவின் நூல் 2017இல் வந்தது. இசபெல் கெரின், சந்தோஷ் குமார், வெங்கடசுப்பிரமணியன் மூவரும் தமிழ்நாட்டின் தலித் பெண்களிடையே பல ஆண்டுகள் ஆய்வு செய்து, கடன்பட்ட பெண் என்ற பொருளில் 2023இல் ஆங்கில நூல் கொண்டுவந்தார்கள். கடனை ஏற்பாடு செய்வதும் சுமப்பதும் அடைப்பதும் பெண்ணின் கூலியில்லாத வேலையாகிவிட்டதை அது விரிவாகப் பேசுகிறது. நுண்கடனைப் படிப்பதால் கிடைக்கும் தொழில் வசூல் மட்டுமல்ல, ஆய்வும்தான் என்பதற்கு இவை சான்று. நம் தெருவைப் பற்றி அடுத்த நூலை எழுதும் பெயர் நம் தெருவிலிருந்தே வர வேண்டும்.

படிப்பைக் கைக்கருவியாக்குதல்

நுண்கடன் படிக்காதீர்கள், அந்த வேலைக்குப் போகாதீர்கள் என்று சொல்ல நாங்கள் இங்கே நிற்கவில்லை. வீட்டில் அடுப்பெரிய சம்பளம் வேண்டும். படிப்பை முழுதாகப் படியுங்கள், அதன் கணக்கை நம் பக்கம் திருப்புங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

முதலில் வட்டிக் கணக்கு. 10,000 ரூபாய் கடன், ஆண்டுக்கு நூற்றுக்கு 12 நிலையான வட்டி, 50 வாரத் தவணை என்று வைத்துக்கொள்வோம். வாரம் 224 ரூபாய், மொத்தம் 11,200. கேட்பவருக்கு 12 சதவீதம்தான் என்று தோன்றும். ஆனால் அசல் வாரந்தோறும் குறைந்துகொண்டே வருகிறது; வட்டி மட்டும் முழு 10,000க்கும் கணக்கிடப்படுகிறது. குறையும் நிலுவையின் மீது கணக்கிட்டால் இது ஏறக்குறைய 23.5 சதவீதம். கட்டணமும் காப்பீடும் முன்கூட்டியே பிடிக்கப்பட்டால் இன்னும் கூடும். இந்த ஒரு கணக்கைத் தெருவில் பத்துப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் மாணவர், தன் பட்டத்துக்கு முதல் பயனைக் கண்டுவிட்டார்.

அடுத்தது விதிகள். ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரையுள்ள குடும்பத்துக்கு ஈடு இல்லாமல் தருவதே நுண்கடன். எல்லாக் கடன்களுக்கும் சேர்த்து மாதத் தவணை குடும்ப வருமானத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கடன் அட்டை கடன் வாங்கியவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். முன்கூட்டியே அடைத்தால் அபராதம் இல்லை. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் போனில் அழைத்துத் தொல்லை தரக் கூடாது. உறவினரைத் துன்புறுத்தக் கூடாது. கடன்பட்டவரின் பெயரைப் பலரறிய வெளியிடக் கூடாது. கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2025இல் தனிச் சட்டமும் வந்திருக்கிறது. ஃபீல்டு ஆபீசராக இருக்கும் நம் தோழருக்கு இது தெரிந்திருந்தால், மேலாளரின் தவறான கட்டளையை மறுக்க அவருக்கும் ஒரு காகிதம் கையில் இருக்கும்.

மூன்றாவது, வேலையின் எல்லையை விரித்துப் பார்ப்பது. நபார்டு அதிகாரி, கூட்டுறவு வங்கிப் பணி, கூட்டுறவுத் தணிக்கை, ஊராட்சி அளவிலான மகளிர் கூட்டமைப்புகளின் கணக்கு, பல்கலைக்கழக ஆய்வு ஆகிய எல்லாவற்றுக்கும் இந்தப் படிப்பு வாசல். 1974இல் தொடங்கிய தாட்கோவும், 1989இல் அமைந்த தேசிய பட்டியல் சாதியினர் நிதி மற்றும் வளர்ச்சிக் கழகமும் நம் பெயரால் இருப்பவை. அங்கே விண்ணப்பம் ஏன் தேங்குகிறது, மானியம் யாரைச் சேர்கிறது என்று கேட்பதற்குக் கோஷம் மட்டும் போதாது. கணக்குத் தெரிந்த ஆள் வேண்டும். துணைத்திட்ட நிதிக்காக 2024இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்த பிறகு இந்தத் தேவை இன்னும் கூடியிருக்கிறது.

நான்காவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்: எது கடனாக இருக்கலாம், எது உரிமையாக இருக்க வேண்டும் என்று பிரிக்கக் கற்றுக்கொள்வது. தையல் எந்திரம் வாங்கக் கடன் வாங்கலாம். மகப்பேறுக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் கழிப்பறைக்கும் ஒரு பெண் குழுக் கடன் வாங்கும்போது, அரசு செய்யத் தவறியதை அவள் வட்டியோடு செய்துகொண்டிருக்கிறாள். 1920களில் குடியிருந்த மனைக்குத் தவணை கட்டியவர்களின் பேத்திகள் அவர்கள். நிலம், கூலி, மருத்துவம், கல்வி ஆகியவற்றுக்கான கோரிக்கை கடன் விண்ணப்பமாகச் சுருங்கிவிட்டால், தாலுகா அலுவலகத்தின் முன் போராட வேண்டியவர்கள் கிளை மேலாளரின் முன் கைகட்டி நிற்பார்கள்.

மாணவ நண்பர்களே, இந்த ஆண்டு உங்கள் ஆய்வேட்டுக்குத் தலைப்பைத் தேடிக்கொண்டிருந்தால், உங்கள் சொந்தத் தெருவின் கடன் வரலாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். யாருக்கு எந்த ஆண்டு பட்டா வந்தது, அது எந்தக் கடனுக்குப் போனது, முதல் குழு எப்போது தொடங்கியது, பேரேடு இன்று யாரிடம் இருக்கிறது என்று பாட்டிமார்களிடம் கேட்டு எழுதுங்கள். பெயர்களை மறைத்துவிடுங்கள், கணக்கை மறைக்காதீர்கள். அந்த ஏடுகளைத் தொகுத்து அச்சிட மன்றங்கள் முன்வர வேண்டும். அவற்றை வைத்துக்கொண்டு நாம் ஆட்சியரிடமும் வங்கியிடமும் பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுவிடமும் பேசலாம்.

ரூபாயைப் படித்தவரின் நினைவுநாளில் நாம் செய்யக்கூடிய மரியாதை இதுதான்.

ஜெய்பீம்.